ஆப்பிள் டிவைசஸ்: விண்டோஸில் ஐபோன் இணையும்வரை நல்ல செயலி, இணையாவிட்டால் ஊமை

விண்டோஸ் கணினியில் ஐபோனை பேக்கப் எடுக்க, அப்டேட் செய்ய, பாட்டு ஏற்ற இன்று ஆப்பிள் தரும் அதிகாரபூர்வ வழி ஆப்பிள் டிவைசஸ் என்ற செயலி. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இலவசம். 2023 ஜனவரியில் முன்னோட்டமாக வந்து, 2024 பிப்ரவரியில் முழுப் பதிப்பானது. 2003 அக்டோபர் முதல் விண்டோஸில் எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகச் சுமந்துவந்த ஐடியூன்ஸின் வேலை இப்போது பிரிந்துவிட்டது: பாட்டுக்கு ஆப்பிள் மியூசிக், படத்துக்கு ஆப்பிள் டிவி, போனுக்கு ஆப்பிள் டிவைசஸ்.

மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடலாம். போன் தெரியும் கணினியில் இது ஐடியூன்ஸைவிட எவ்வளவோ மேல். சீக்கிரம் திறக்கிறது, இடப்பக்கம் போனின் பெயர், வலப்பக்கம் ஜெனரல் தாவலில் அப்டேட், ரீஸ்டோர், பேக்கப் என்று வேண்டியது மட்டும் கண்ணெதிரே நிற்கிறது. ஃபைல்ஸ் தாவலில் விஎல்சி போன்ற செயலிகளுக்குள் வீடியோவை இழுத்துப் போடலாம். ஆனால் போன் தெரியாத கணினியில் இது வெறும் வெற்றுத் திரை. கேபிள் கோளாறா, டிரைவர் (போனோடு பேச விண்டோஸுக்கு உதவும் சிறு நிரல்) இல்லையா, போன் அனுமதி தரவில்லையா என்று ஒரு வார்த்தை சொல்லாது. சொன்னாலும் ஈ8000 என்று ஓடும் ஒரு நீண்ட பிழை எண்ணைக் காட்டிவிட்டு நகர்ந்துகொள்ளும். அதனால் இந்த மதிப்புரையில் பாதிக்குமேல், செயலி சொல்லாமல் விடுவதைக் கணினியிடமே எப்படிக் கேட்டு வாங்குவது என்பதுதான்.

நிறுவும் முன் ஒன்று. இதை ஏற்றிய பிறகு ஐடியூன்ஸ் அதே கணினியில் இருந்தாலும் போனை நிர்வகிக்கும் வேலை அதன் கையை விட்டுப் போய்விடும். பாட்காஸ்ட், ஆடியோபுக் ஆகிய இரண்டுக்கும்தான் அது மிச்சம். பாட்டு நூலகத்தைப் போனுக்கு சிங்க் செய்ய ஆப்பிள் மியூசிக் செயலியும் சேர்த்து வேண்டும். பாதி வழியில் மனம் மாறினால் ஆப்பிள் டிவைசஸ், ஆப்பிள் மியூசிக், ஆப்பிள் டிவி மூன்றையும் நீக்கினால்தான் ஐடியூன்ஸ் பழையபடி ஆகும்.

எந்தக் கண்ணி அறுந்தது?

போன் செயலியில் தெரிய வரிசையாக நான்கு காரியம் நடக்க வேண்டும். கேபிள் வழியாகத் தரவு ஓட வேண்டும். விண்டோஸ் அதற்கு ஆப்பிளின் டிரைவரைப் பொருத்த வேண்டும். பின்னணியில் ஓடும் ஆப்பிள் நிரல் போனைப் பிடித்துக்கொள்ள வேண்டும். போன் இந்தக் கணினியை நம்புவதாக ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த வரிசை தெரியாமல் செயலியை நீக்கி ஏற்றுவதிலேயே பலருடைய மாலை நேரம் போய்விடுகிறது. முதல் கண்ணி அறுந்திருக்கும்போது கடைசிக் கண்ணியை எத்தனை முறை மாற்றி என்ன பயன்?

முதல் சோதனைக்குச் செயலியே வேண்டாம். போனைத் திறந்த நிலையில் வைத்துக் கேபிளைச் செருகுங்கள். விண்டோஸின் ‘டிங்’ ஒலி கேட்கிறதா? ஃபைல் எக்ஸ்புளோரரில் ‘ஆப்பிள் ஐபோன்’ என்ற சின்னம் வருகிறதா? வந்தால் கேபிள் நன்றாகவே இருக்கிறது. அந்தச் சின்னம் ஆப்பிளின் டிரைவரால் வருவதில்லை. போனைக் கேமராவாகப் பார்க்கும் விண்டோஸின் சொந்த டிரைவர் காட்டுவது. ‘எக்ஸ்புளோரரில் தெரிகிறது, ஆப்பிள் செயலியில் தெரியவில்லை’ என்ற புகார் அடிக்கடி கேட்பதற்குக் காரணம் இதுவே. அந்த நிலையில் கேபிளைக் குறை சொல்ல வேண்டாம், டிரைவருக்குப் போய்விடலாம்.

ஒலியே இல்லை, ஆனால் சார்ஜ் ஏறுகிறது என்றால் கேபிளில் மின்கம்பிகள் மட்டும் இருக்கின்றன, தரவுக் கம்பிகள் இல்லை அல்லது அறுந்துவிட்டன. பவர் பேங்கோடு வரும் குட்டைக் கேபிள்களில் பலவும் இந்த ரகம். ‘டிங்’ கேட்டு, சில விநாடியில் துண்டித்த ஒலியும், மறுபடி ‘டிங்’கும் கேட்டுக்கொண்டே இருந்தால் போனின் துளையைப் பாருங்கள். சட்டைப்பையின் பஞ்சு உள்ளே அழுந்தி அடைத்து, பிளக் முழுதாக உட்காரவிடாமல் செய்யும். போனை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியால் மெதுவாக எடுங்கள். ஊசி, சேஃப்டி பின் வேண்டாம்.

போர்ட்டும் கணக்கில் உண்டு. மேசைக் கணினியின் முன்பக்கப் போர்ட், மானிட்டரில் உள்ள போர்ட், மின்சாரம் தனியாக இல்லாத ஹப் மூன்றையும் தவிர்த்து மதர்போர்டிலேயே இருக்கும் பின்பக்கப் போர்ட்டில் செருகுங்கள். கணினியில் இணைந்த சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் ‘அன்நோன் யூஎஸ்பி டிவைஸ், டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரிக்வெஸ்ட் ஃபெயில்டு’ என்று வந்து, அதன் விவரத்தில் கோட் 43 இருந்தால் பெரும்பாலும் கேபிள், போர்ட், துளை இந்த மூன்றில் ஒன்றுதான். டிரைவரைத் தேடி இறக்காதீர்கள்.

கேபிள் வாங்குகிறவர்களுக்கு: ஐபோன் 15 முதல் டைப்-சி வந்துவிட்டது, ஆனால் பெட்டியில் வரும் கேபிள் யூஎஸ்பி 2 வேகம்தான், அதாவது காகிதத்தில் 480 எம்பிபிஎஸ். நடைமுறையில் விநாடிக்கு 30 முதல் 40 எம்பி கிடைத்தால் நல்லது. 100 ஜிபி நகர ஏறக்குறைய முக்கால் மணி நேரம். சின்னச் சின்னக் கோப்புகள் நிறைந்த பேக்கப்புக்கு இன்னும் கூடும். 15 புரோ போன்ற புரோ மாடல்கள் 10 ஜிபிபிஎஸ் வரை போகும், அதற்கு யூஎஸ்பி 3 கேபிளைத் தனியாக வாங்க வேண்டும். சாதாரண 15-க்கு அந்தக் கேபிள் வாங்குவது வீண். போனே யூஎஸ்பி 2.

டிரைவர்

ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் இரண்டு இடத்தைப் பார்க்க வேண்டும். ‘போர்ட்டபிள் டிவைசஸ்’ கீழ் ஆப்பிள் ஐபோன். ‘யூனிவர்சல் சீரியல் பஸ்’ என்று தொடங்கும் தலைப்புகளின் கீழ் ‘ஆப்பிள் மொபைல் டிவைஸ் யூஎஸ்பி’ என்று ஆரம்பிக்கும் வரிகள். முதலாவது இருந்து இரண்டாவது இல்லையென்றால் கோளாறு டிரைவரில். இரண்டாவது வரியில் மஞ்சள் எச்சரிக்கைக் குறி இருந்தால் இருமுறை கிளிக் செய்து ‘கோட்’ எண்ணைப் படியுங்கள்: 28 என்றால் டிரைவரே ஏறவில்லை, 10 என்றால் ஏறியிருக்கிறது, இயங்கத் தொடங்கவில்லை.

ஸ்டோர் பதிப்புக்கு வழி எளிது. ஆப்பிள் செயலிகளை மூடிவிட்டு, போர்ட்டபிள் டிவைசஸில் இருக்கும் ஆப்பிள் ஐபோன்மேல் வலது கிளிக், அப்டேட் டிரைவர், ‘சர்ச் ஆட்டோமேட்டிகலி’. விண்டோஸ் அப்டேட் வழியாகவே டிரைவர் இறங்கும், எனவே நெட் இணைப்பு இருக்க வேண்டும். ‘ஏற்கெனவே சிறந்த டிரைவர் இருக்கிறது’ என்று சாதித்தால் செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஆப்ஷனல் அப்டேட்ஸ் என்று போய் டிரைவர் பட்டியலைப் பாருங்கள். ஆப்பிள் பெயரில் யூஎஸ்பிடிவைஸ் என்று ஒரு வரி தேர்வு செய்யப்படாமல் காத்துக்கிடக்கும். அலுவலக லேப்டாப்களில் டிரைவர் அப்டேட்டை நிர்வாகி நிறுத்தி வைத்திருப்பார். அங்கே இந்தப் பட்டியல் காலியாகவே இருக்கும். ஐடி பிரிவைக் கேட்பதைத் தவிர வேறு வழி இல்லை.

ஆப்பிள் தளத்திலிருந்து இறக்கிய பழைய ஐடியூன்ஸ் வைத்திருப்பவர்களுக்கு வழி வேறு. புரோகிராம் ஃபைல்ஸில் காமன் ஃபைல்ஸ், ஆப்பிள், மொபைல் டிவைஸ் சப்போர்ட், டிரைவர்ஸ் என்று போனால் யூஎஸ்பிஏஏபிஎல்64 என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட கோப்புகள் இருக்கும். அவற்றில் ஐஎன்எஃப் என்று முடியும் கோப்பில்தான் வலது கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுக்க வேண்டும். சிஏடி, எஸ்ஒய்எஸ் என்று முடிபவற்றைத் தொட வேண்டாம். டிரைவர்ஸ் என்ற கோப்புறையே இல்லையென்றால் உங்களிடம் இருப்பது ஸ்டோர் பதிப்பு என்று பொருள்.

இடையில் ஒரு குறிப்பு: கேபிள் வழியாக ஐபோன் ஹாட்ஸ்பாட்டைக் கணினிக்குக் கொடுக்கும் வசதியும் ஆப்பிளின் டிரைவர்களை நம்பித்தான் ஓடுகிறது. பேக்கப்போடு சேர்ந்து அதுவும் வேலை செய்யவில்லை என்றால் இரண்டு நோயில்லை, ஒரே நோய்.

பின்னணி நிரல்

டிரைவர் வரிகள் இரண்டும் சரியாக இருந்தும் செயலி காலியாக இருந்தால் இங்கே வாருங்கள். இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் எல்லாம் சர்வீசஸ் பட்டியலைத் திறந்து ‘ஆப்பிள் மொபைல் டிவைஸ் சர்வீஸ்’ என்பதை ரீஸ்டார்ட் செய்யச் சொல்லும். தேடுவீர்கள், இருக்காது. அது ஆப்பிள் தளத்திலிருந்து இறக்கும் ஐடியூன்ஸுக்கு மட்டும் உரியது. ஸ்டோர் பதிப்பில் அதே வேலையை ஆப்பிள்மொபைல்டிவைஸ்புராசஸ் என்ற சாதாரண நிரல் பார்க்கிறது. டாஸ்க் மேனேஜரில் டீடெய்ல்ஸ் தாவலில் அதைக் கண்டுபிடித்து ‘எண்ட் டாஸ்க்’ கொடுத்து, கேபிளை உருவி, செயலியை மூடித் திறந்து, மறுபடி செருகுங்கள். லேப்டாப் ஸ்லீப்பிலிருந்து எழுந்த பிறகு போன் தெரியாமல் போகும் வகைக் கோளாறு இதிலேயே தீர்ந்துவிடுவதுண்டு.

இந்த நிரல் கணினிக்குள்ளேயே 27015 என்ற டிசிபி போர்ட்டில் (இது கேபிள் செருகும் போர்ட் அல்ல, நிரல்கள் தமக்குள் பேசும் எண்ணிட்ட வாசல்) காத்திருக்கும். செயலி அந்தப் போர்ட் வழியாகத்தான் போனோடு பேசுகிறது. கேபிள் இணைப்புக்கு ஃபயர்வால் எப்படிக் குறுக்கே வரும் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். கடுமையாக அமைக்கப்பட்ட ஆன்டிவைரஸ், விபிஎன் இரண்டும் உள்வழிப் போக்குவரத்தையும் மறிக்கக்கூடும். வேடிக்கை என்னவென்றால் கவுன்டர்-ஸ்டிரைக் போன்ற சோர்ஸ் எஞ்சின் விளையாட்டுகளின் சர்வருக்கும் இயல்பான போர்ட் எண் 27015. அப்படி ஒரு சர்வரைக் கணினியில் ஓட விட்டிருந்தால் முதலில் அதை நிறுத்திவிட்டுப் பாருங்கள். கமாண்ட் பிராம்ப்டில் நெட்ஸ்டாட் கட்டளையை -ஏஎன்ஓ தேர்வோடு கொடுத்தால் அந்தப் போர்ட்டை யார் பிடித்திருக்கிறார்கள் என்ற புராசஸ் எண் தெரியும். டாஸ்க் மேனேஜரோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

நம்பிக்கை

ஐஓஎஸ் 7 முதல், புதிய கணினியில் செருகியதும் ‘டிரஸ்ட் திஸ் கம்ப்யூட்டர்?’ என்று போன் கேட்கிறது. டிரஸ்ட் அழுத்தி, பாஸ்கோடும் போட வேண்டும். இரண்டாவது படியை விட்டுவிட்டு ‘அழுத்தினேனே’ என்பவர்கள் அதிகம். அனுமதி முழுமையாகவில்லை என்பதற்கு நல்ல அடையாளம் ஒன்று உண்டு: எக்ஸ்புளோரரில் ஐபோனைத் திறந்தால் ‘இன்டர்னல் ஸ்டோரேஜ்’ காலியாக இருக்கும்.

கேள்வியே வரவில்லையா? போன் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். 2018 ஜூலையில் வந்த ஐஓஎஸ் 11.4.1-இலிருந்து, பூட்டி ஒரு மணி நேரம் ஆன போன் யூஎஸ்பி தரவை நிறுத்திவிடும். சார்ஜ் மட்டும் ஏறும். திருட்டுப் போனை உடைக்கும் கருவிகளுக்கு எதிரான ஏற்பாடு அது. அதனால் செருகும் முன்பே போனைத் திறந்து வைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

தவறுதலாக ‘டோன்ட் டிரஸ்ட்’ அழுத்திவிட்டீர்கள், அல்லது போனை ரீஸ்டோர் செய்த பிறகு கணினி பழைய நினைப்பிலேயே இருக்கிறது என்றால் இரண்டு பக்கமும் துடைக்க வேண்டும். போனில் செட்டிங்ஸ், ஜெனரல், டிரான்ஸ்ஃபர் ஆர் ரீசெட் ஐபோன், ரீசெட், ‘ரீசெட் லொகேஷன் அண்டு பிரைவசி’. தரவு எதுவும் அழியாது. ஆனால் எல்லாக் கணினிகளின் அனுமதியும், செயலிகளுக்குக் கொடுத்த லொகேஷன், கேமரா அனுமதிகளும் போய்விடும். கணினியில் சி டிரைவில் மறைந்திருக்கும் புரோகிராம்டேட்டா கோப்புறைக்குள் ஆப்பிள், அதற்குள் லாக்டவுன். போன் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளிஸ்ட் கோப்பு அங்கே இருக்கும். அந்தப் போனும் கணினியும் ஒன்றையொன்று நம்புவதற்கான இணைப்புச் சான்று அதுதான். செயலியை மூடிவிட்டு அந்தக் கோப்புறையின் பெயரை மாற்றி வையுங்கள், அழிக்க வேண்டியதில்லை. கணினியை ரீஸ்டார்ட் செய்து போனைச் செருகினால் கேள்வி புதிதாக வரும். ஈ8000 என்று தொடங்கும் எண்களில் கணிசமானவை இந்தச் சான்று கெட்டுப்போனதால் வருபவை; ஆகவே செயலியை நீக்கும் முன்னால் இதைச் செய்து பாருங்கள்.

நீக்கி ஏற்றுவது

மேலே உள்ள நான்கும் பயன் தரவில்லை என்றால் மட்டும். முதல் படியாக விண்டோஸ் செட்டிங்ஸில் இன்ஸ்டால்டு ஆப்ஸ், ஆப்பிள் டிவைசஸ், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ‘ரிப்பேர்’. அதிலும் தீரவில்லையென்றால் நீக்குங்கள். ஒரே கணினியில் ஆப்பிள் தளத்து ஐடியூன்ஸும் ஸ்டோர் செயலியும் கலந்து கிடந்தால்தான் பிரச்சினை சிக்கலாகிறது; இரண்டின் பின்னணி நிரல்களும் ஒரே போனுக்கு மல்லுக்கட்டும். பழைய ஐடியூன்ஸை நீக்க வரிசை உண்டு: ஐடியூன்ஸ், ஆப்பிள் சாஃப்ட்வேர் அப்டேட், ஆப்பிள் மொபைல் டிவைஸ் சப்போர்ட், பான்ஜூர், பிறகு ஆப்பிள் அப்ளிகேஷன் சப்போர்ட் 32 பிட், 64 பிட். எல்லாம் போன பிறகு ரீஸ்டார்ட். அதன் பிறகுதான் ஸ்டோர் பதிப்பு.

நீக்கும் முன் பேக்கப் கோப்புறையை வேறிடத்துக்கு நகலெடுங்கள். பழைய பதிப்பு அதை ஆப்டேட்டா ரோமிங்கில், ஆப்பிள் கம்ப்யூட்டர், மொபைல்சிங்க், பேக்கப் என்ற இடத்தில் வைக்கும். ஸ்டோர் பதிப்பு உங்கள் பயனர் கோப்புறையிலேயே ஆப்பிள், மொபைல்சிங்க், பேக்கப் என்று வைக்கும். மாறிய பிறகு ‘என் பழைய பேக்கப் காணவில்லை’ என்று பதறுவதற்குக் காரணம் இதுதான். முதல் இடத்தில் இருக்கும் நீண்ட பெயர்க் கோப்புறையை இரண்டாம் இடத்துக்கு நகலெடுத்தால் மேனேஜ் பேக்கப்ஸ் பட்டியலில் வந்துவிடும்.

பேக்கப்

இந்தச் செயலியை வைத்துக்கொள்ளத் தகுந்த ஒரே பெரிய காரணம் பேக்கப். ஐகிளவுடின் இலவச 5 ஜிபியில் எந்தப் போன் அடங்குகிறது? ‘என்கிரிப்ட் லோக்கல் பேக்கப்’ என்பதைக் கட்டாயம் தேர்வு செய்யுங்கள். தேர்வு செய்யாத பேக்கப்பில் சேமித்த பாஸ்வேர்டுகள், ஹெல்த் தரவு, வைஃபை விவரங்கள் இருக்காது. என்கிரிப்ட் செய்யும்போது நீங்கள் வைக்கும் பாஸ்வேர்டை மறந்தால் அந்தப் பேக்கப் குப்பை, எழுதி வையுங்கள்.

‘பாதியில் நின்றுவிட்டது’ என்ற புகாரில் பல நிகழ்வுகள் இணைப்புப் பிழையே இல்லை. 2022-இல் வந்த ஐஓஎஸ் 16.1 முதல் ஒவ்வொரு பேக்கப் தொடங்கும்போதும் போனில் பாஸ்கோடு கேட்கும், நம்பிய கணினியானாலும் சரி. போன் மேசையில் குப்புறக் கிடந்தால் கணினித் திரை காத்துக்கொண்டே இருக்கும். பாதுகாப்புக்கு நல்லது; ஆனால் இரவில் தானாக பேக்கப் எடுத்துக்கொள்ளும் வசதிக்கு இதோடு முடிவு. இதைச் செயலியிலேயே ‘போனைப் பாருங்கள்’ என்று பளிச்சென்று சொல்லியிருக்கலாம்.

உண்மையாகவே நடுவில் துண்டித்தால் முதல் சந்தேகம் மின்சேமிப்பு. பவர் ஆப்ஷன்ஸில் ‘யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்’ என்பதை டிசேபிள் செய்யுங்கள். டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ரூட் ஹப் ஒவ்வொன்றிலும் பவர் மேனேஜ்மென்ட் தாவலில் ‘கணினி இதை அணைக்கலாம்’ என்ற டிக்கை எடுங்கள். லேப்டாப் சார்ஜரில் இருக்கட்டும், ஸ்லீப் நேரம் ‘நெவர்’. ‘பேக்கப் கெட்டுவிட்டது’ என்று வந்தால் பழைய பேக்கப் கோப்புறையின் பெயரை மாற்றிவிட்டுப் புதிதாக முழு பேக்கப் எடுங்கள்.

இடப்பற்றாக்குறை இன்னொன்று. 256 ஜிபி எஸ்எஸ்டி லேப்டாப்பில் 128 ஜிபி போனின் பேக்கப் சி டிரைவை அடைத்துவிடும். இடத்தை மாற்றச் செயலியில் வழியே இல்லை. 2024-இல் வெளியான செயலியில் இது மன்னிக்க முடியாத குறை. கைவழி உண்டு: செயலியை மூடி, பேக்கப் கோப்புறையை என்டிஎஃப்எஸ் வடிவில் உள்ள டி டிரைவுக்கு நகர்த்தி, பழைய இடத்தில் அந்தப் பெயரில் எதுவும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, கமாண்ட் பிராம்ப்டில் எம்கேலிங்க் கட்டளையை /ஜே தேர்வோடு கொடுங்கள், முதலில் பழைய முகவரி, அடுத்து புதிய முகவரி, இரண்டும் மேற்கோள் குறிகளுக்குள். செயலி பழைய இடத்தில் எழுதுவதாக நினைத்துக்கொண்டு டி டிரைவில் எழுதும்.

வைஃபை

கேபிளில் ஒருமுறை இணைத்து, ஜெனரல் தாவலில் வைஃபையில் போனைக் காட்டும் தேர்வை டிக் செய்து அப்ளை கொடுத்தால் அதன் பிறகு கேபிள் இல்லாமலும் வரும். வர வேண்டும். ரவுட்டரின் கெஸ்ட் நெட்வொர்க்கில் இருந்தால் வராது. சாதனங்கள் ஒன்றையொன்று பார்ப்பதை அது தடுக்கும். தனி முகவரி வரிசை கொடுக்கும் ரிப்பீட்டரில் ஒன்று, முதன்மை ரவுட்டரில் ஒன்று என்றாலும் வராது. போன் தன்னை அறிவிப்பது யூடிபி 5353 என்ற நெட்வொர்க் போர்ட் வழியாக. விண்டோஸ் அந்த நெட்வொர்க்கைப் பப்ளிக் என்று வகைப்படுத்தியிருந்தால் அந்த அறிவிப்பு மறிக்கப்படலாம், பிரைவேட் ஆக்குங்கள். சில பாட்டுகளை ஏற்ற வைஃபை போதும். முதல் பேக்கப், அப்டேட் இரண்டுக்கும் கேபிளைத் தவிர வேறு எதையும் நினைக்காதீர்கள்.

ரீஸ்டோர் பிழைகள்

9, 4005, 4013, 4014 ஆகிய நான்கு எண்களும் ஏறக்குறைய ஒன்றையே சொல்கின்றன: வேலை நடக்கும்போது போன் கையை விட்டுப் போனது. ரீஸ்டோரின்போது போன் பலமுறை தன்னை மூடித் திறந்து, ஒவ்வொரு முறையும் வேறொரு யூஎஸ்பி சாதனமாக விண்டோஸின் முன் நிற்கும். ஹப்பும் விர்ச்சுவல் மெஷினும் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) இந்த இடத்தில்தான் கோட்டை விடுகின்றன. நேரடிப் போர்ட், நல்ல கேபிள், முடிந்தால் வேறு கணினி. மூன்றையும் மாற்றிய பிறகும் அதே எண் வந்தால் போனின் ஹார்டுவேரைச் சந்தேகிக்கலாம். 3194 வந்தால் கணினி ஆப்பிள் சர்வரை எட்டவில்லை. எப்போதோ ஏதோ ஒரு ஜெயில்பிரேக் (ஆப்பிளின் கட்டுப்பாடுகளை உடைக்கும்) கருவி, இணைய முகவரிகளைத் திசைதிருப்பக்கூடிய விண்டோஸின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் சேர்த்த ஆப்பிள் முகவரி வரி இன்னும் கிடக்கிறதா என்று பாருங்கள்.

போன் இயங்காமல் முடங்கினால் கணினி வழியாக மீட்க உதவும் ரெக்கவரி முறைக்கு, ஐபோன் 8 முதல்: வால்யூம் அப் அழுத்தி விடவும், வால்யூம் டவுன் அழுத்தி விடவும், பிறகு சைடு பட்டனைக் கேபிள் படம் வரும்வரை பிடிக்கவும். ஆப்பிள் லோகோ வந்தவுடன் விட்டுவிடுவது வழக்கமான தவறு. செயலி கேட்கும்போது முதலில் ‘அப்டேட்’, அது தோற்றால் மட்டும் ‘ரீஸ்டோர்’. இரண்டாவது எல்லாவற்றையும் அழிக்கும். ஐஓஎஸ் கோப்பின் இறக்கம் 15 நிமிடத்தைத் தாண்டினால் போன் ரெக்கவரியிலிருந்து தானாக வெளியே வந்துவிடும். பல ஜிபி கோப்பு, மெதுவான நெட் என்றால் இது நடந்தே தீரும். கேபிளை உருவாமல் இறக்கத்தை முடிய விட்டு, பட்டன் வரிசையை மீண்டும் செய்யுங்கள்.

படங்களும் பாட்டுகளும்

போனில் எடுத்த படங்களைக் கணினிக்குக் கொண்டுவர இந்தச் செயலி உதவாது. எக்ஸ்புளோரர் அல்லது விண்டோஸ் போட்டோஸ்தான். அங்கே ‘எ டிவைஸ் அட்டாச்டு டு தி சிஸ்டம் இஸ் நாட் ஃபங்ஷனிங்’ என்று பாதியில் நின்றால் கேபிள்மேல் கோபப்பட வேண்டாம். போனின் போட்டோஸ் செட்டிங்ஸில் கடைசியில் இருக்கும் ‘டிரான்ஸ்ஃபர் டு மேக் ஆர் பிசி’ என்பதை ஆட்டோமேட்டிக்கிலிருந்து ‘கீப் ஒரிஜினல்ஸ்’ ஆக்குங்கள். ஆட்டோமேட்டிக்கில் ஒவ்வொரு ஹெச்இஐசி படத்தையும் போன் அனுப்பும்போதே ஜேபெக்காக மாற்ற முயல்கிறது. ஆயிரக்கணக்கில் போகும்போது அதில்தான் தடுமாறுகிறது. ஐகிளவுட் போட்டோஸில் ‘ஆப்டிமைஸ் ஸ்டோரேஜ்’ போட்டிருந்தால் சில அசல் படங்கள் போனிலேயே இல்லை. எந்தக் கேபிளும் அவற்றைக் கொண்டுவராது. அவற்றை ஐகிளவுட் தளத்திலிருந்து இறக்க வேண்டும்.

பாட்டு சிங்கில் ஒரே ஒரு எச்சரிக்கை. வேறு கணினியின் நூலகத்தோடு சிங்க் ஆன போனைச் செருகினால் ‘ஈரேஸ் அண்டு சிங்க்’ என்று கேட்கும். அது பிழைச் செய்தி போலத் தோன்றினாலும் பிழையில்லை: அழுத்தினால் பழைய நூலகத்திலிருந்து ஏற்றிய பாட்டுகள் போனிலிருந்து போய்விடும். பிழை 54 வேறு; பெரும்பாலும் ஏதோ ஒரு கோப்பு பூட்டியிருக்கிறது அல்லது படிக்க மட்டும் அனுமதி உள்ள கோப்புறையில் இருக்கிறது. ஆல்பம் ஆல்பமாகப் பிரித்து ஏற்றினால் சிக்கும் கோப்பு அகப்படும்.

யாருக்கு?

விண்டோஸ் 10 அல்லது 11, பேக்கப்தான் முக்கியம் என்பவர்கள் தயங்காமல் ஏற்றலாம். கணினிப் பாட்காஸ்டுகளையும் ஆடியோபுக்குகளையும் போனில் ஏற்றுவதே முதல் வேலை என்பவர்கள் ஐடியூன்ஸிலேயே இருங்கள். மைக்ரோசாஃப்டின் போன் லிங்க் இதற்கு மாற்று இல்லை. அது ப்ளூடூத் வழியாக அழைப்பும் செய்தியும் காட்டும், பேக்கப் எடுக்காது. ‘ஐபோன் இணைப்பைச் சரிசெய்கிறோம்’ என்று விளம்பரத்தில் வரும் கட்டண மென்பொருள்களும் கேபிளில் ஐபோனோடு பேச ஆப்பிளின் இதே டிரைவரைத்தான் நம்பியிருக்கின்றன. டிரைவர் ஏறாத கணினியில் அவையும் காலித் திரையே காட்டும். விண்டோஸ் 7, 8 வைத்திருப்பவர்களுக்கு ஆப்பிள் டிவைசஸ் கிடையாது. அவர்களுக்கு ஆப்பிள் தளத்தில் ஐடியூன்ஸ் 12.10.11 தனியாகக் கிடைக்கிறது. புதிய ஐபோனை அதில் செருகினால் ‘புதிய பதிப்பு தேவை’ என்ற பதில் வரலாம், அந்தக் கணினியில் எக்ஸ்புளோரர் வழியாகப் படங்களை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.